படகு அட்டை

ஹெட்ஃபோனில் என்ன பாட்டு வேண்டும் என்று கேட்பது
எங்கள் நடைமுறை.
பெரும்பாலோர் ‘ஏதாவது’ என்பார்கள்.
ஏதாவது என்றால் பியானோ.
ஏழு வருடமாக அதே பியானோ.

லயனல் ஒலிவெய்ரோ, அறுபத்துமூன்று,
பெல்ட், சாவி, பல்செட் எல்லாம் தட்டில் வைத்தபின்
மார்னி ஹாலம் என்றார்.
யார் அது என்றேன்.
கவுன் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

எண்பதுகளின் நியூ வேவ்.
சிந்தசைசர்களுக்கு நடுவே ஒரு பெண்,
வட்டிக் கணக்கு வாசிப்பதுபோல் காதலைப் பாடுவாள்.
எழுபத்தொரு வயது. இன்னும் எழுதுகிறாள், இன்னும் பாடுகிறாள்.
மொத்தம் பதினான்கு ஆல்பம்.
மூன்றாவதைப் போடுங்கள்,
அட்டையில் தொலைபேசிக் கூண்டு இருக்கும்.

சக்கரப் படுக்கையைத் தள்ளிக்கொண்டு
கதவைத் தாண்டிவிட்ட ருஸ்தாம் திரும்பி வந்தான்.
மூன்றாவதா? அங்கிள்,
முதல்முறை கேட்கிறவருக்குப் போய் மூன்றாவதா?
பச்சை அட்டையில்தான் தொடங்கணும்.
தேசிய சேவையில், நீ சூன் முகாமில்,
காவல் கோபுரத்தில் அதிகாலை மூன்று மணிக்கு
ஒரு காதில் மட்டும் மாட்டிக் கேட்டால் தெரியும்.
இவங்களுக்கு ஏது காவல் கோபுரம் என்றார் லயனல்.

கோப்பிக் குவளையுடன் எட்டிப்பார்த்த டாக்டர் கோ சியூ லிங்,
எலும்பைத் தவிர வேறெதுவும் பேசி நான் கேட்டிராதவர்,
இரண்டும் ஆண்களின் தேர்வு என்றார்.
கடைசியாக வந்த வெள்ளை அட்டையைக் கேளுங்கள்.
குரல் பாதி போய்விட்டது.
மீதியை வைத்துக்கொண்டு என்ன செய்கிறாள் பாருங்கள்.

ஒன்றில் மட்டும் மூவரும் ஒத்துப்போனார்கள்.
படகு அட்டையைத் தொட வேண்டாம்.
புருஷன் தயாரித்தது.
எங்கு பார்த்தாலும் சாக்ஸஃபோன்.

எட்டு நிமிடத் தாமதம்.
அட்டவணை சிவப்பாகிவிட்டது.

மூன்றாவதையே போட்டேன்.
அவர் தலை குழாய்க்குள் போயிற்று.
காந்தம் அடிக்கத் தொடங்கியது,
டக்டக்டக்டக், பிறகு ஒரு நீண்ட ரம்பம்.
அவளுடைய டிரம் மெஷின் எது
என்னுடைய மெஷின் எது
என்று பிரிக்க முடியவில்லை.
போர்வைக்கு வெளியே அவருடைய கால் பெருவிரல்
இரண்டுக்கும் சேர்த்துத் தாளம் போட்டது.
திரையில் முதுகுத்தண்டு
மழையில் பார்த்த விளக்குக் கம்பம்போல் மங்கி வந்தது.
அசையாதீர்கள் என்றேன் மைக்கில்.
மன்னிக்கணும், இந்த இடத்தில் முடியாது என்றார்.
அந்த இடம் போகும்வரை காத்திருந்து
மறுபடி எடுத்தேன்.

அன்று நொவீனாவில் ரயிலேறி
மூவர் சொன்னதையும் கேட்கவில்லை.
படகைத் தேடிப் போட்டேன்.
யாரும் பரிந்துரைக்காததற்கு
யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை.
சாக்ஸஃபோன் அதிகம்தான். ஒப்புக்கொள்கிறேன்.
ஆனால் ஆறாவது பாட்டில்
வரி மறந்தவள்போல் ஒரு மூச்சு நின்று
பிறகு வருகிறாள்.
அதை யாரோ வெட்டாமல் விட்டிருக்கிறார்கள்.
ஒருவேளை புருஷனே.
காத்திப்பில் இறங்க வேண்டியவள்
செம்பவாங் நடைமேடையில் நின்றேன்.

நான்கு மாதம் கழித்து மறுபரிசோதனை.
ஊன்றுகோலோடு வந்தார்.
மருந்துச் சீட்டின் பின்பக்கத்தை நீட்டினார்.
பதினான்கும் வரிசை எண் போட்டு.
தொலைபேசிக் கூண்டு நாலாம் இடத்துக்கு இறங்கியிருந்தது,
உச்சியில் வெள்ளை அட்டை.
டாக்டரிடம் சொல்லிவிடாதீர்கள் என்றார்.
படகு கடைசியில்,
தாள் கிழியும்படி அடிக்கோடு.

அதை வட்டமிட்டு, ஆறாவது பாட்டு என்று எழுதி
திருப்பிக் கொடுத்தேன்.
மூக்குக் கண்ணாடி தட்டில் இருந்தது.
சீட்டைத் தூரத்தில் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார்,
என்ன எழுதினீர்கள் என்றார்.
ஹெட்ஃபோனை மாட்டிவிட்டேன்.

ஆறாவதில் அந்த மூச்சு நிற்கும்போது
பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
படம் மங்கட்டும் என்று.